மூன்று மாத ஊசியும் ஞாயிற்றுக்கிழமைப் பாலும்

பையன் பிறந்தது 2022 ஏப்ரலில். பால் மறக்கடித்தது 2024 ஏப்ரலில், இரண்டாவது பிறந்தநாள் முடிந்த வாரம். இடைப்பட்ட இரண்டு வருடத்தில் ஆறு மாதம் கருத்தடை மாத்திரை, அப்புறம் ஒன்றேகால் வருடம் கருத்தடை ஊசி. இரண்டுமே ஹார்மோன்தான். பால் கொடுக்கும்போது இதை எடுத்துக்கொள்ளலாமா, பால் வற்றாதா என்று பிரசவம் முடிந்த தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு காட்பாடிப் பக்கம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. காலை எட்டு மணிக்கு வேன் ஏறினால் திரும்ப ஆறரை ஆகிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

ஆறாவது வாரம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் என்ற கருத்தடை மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அக்னி நட்சத்திர வெயில். பக்கத்து மெடிக்கலில் அது இல்லை. "எல்லாம் கருத்தடை மாத்திரைதாங்க" என்று வேறொரு அட்டையைக் கொடுத்தார்கள். பில்லோடு சரக்கை ஒப்பிட்டுப் பார்க்கிறதே தொழில் என்பதால் வீட்டுக்கு வந்து அட்டையைத் திருப்பிப் படித்தேன். லெவோநார்ஜெஸ்ட்ரல், கூடவே எதினைல் எஸ்ட்ராடியால். கடைசி வரிசை ஏழும் வேறு நிறம், அவை வெறும் இரும்புச்சத்து. அந்த எஸ்ட்ராடியால்தான் வில்லங்கம், அது ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பால் சுரப்பைக் குறைக்கலாம். பிரசவமான புதிதில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. பால் கொடுக்கிறவர்களுக்குக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை அதைக் கொடுப்பதில்லை. எனக்கு எழுதியதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை, புரோஜெஸ்டின் என்ற இன்னொரு வகை ஹார்மோன் மட்டும்தான். மறுநாள் வேலூர் போய் வேறு கடையில் சரியானதை வாங்கினேன். எந்த மாத்திரையாக இருந்தாலும் பெயரோடு நிறுத்தாமல் உள்ளே என்ன இருக்கிறது என்ற வரியையும் படித்துவிடுங்கள்.

அத்தைக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "இன்னாடி, பால் குடுக்கிற பொம்பள மாத்திர முழுங்கிகினு? பால் வத்திப்போச்சுன்னா கொழந்த இன்னா பண்ணும்?" பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்பது அவர் கட்சி. அதில் பாதி உண்மை இருக்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், மாதவிலக்கு திரும்பாமல், ராத்திரி பகல் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல் இருந்தால், இந்த மூன்றும் சேர்ந்திருக்கும்வரை நூற்றில் இரண்டு பேருக்குத்தான் கரு தங்கும். ஒன்று தவறினாலும் கணக்கு மாறிவிடும். என் வீட்டுக்காரருக்கும் நாத்தனாருக்கும் பதினாலு மாதம்தான் வித்தியாசம். இதை அத்தையிடம் சொல்லும் தைரியம் அப்போது எனக்கு வரவில்லை.

பால் வற்றியதா? இல்லை. அத்தை நம்பாததால் மாதாமாதம் அங்கன்வாடியில் எடை பார்த்தோம். பிறக்கும்போது 2.8 கிலோ, மூன்றாவது மாதம் 5.6, ஆறாவது மாதம் 7.1. எடை அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும்போது அத்தை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். எடை சரியாக இருக்கிறது என்று காட்டும் பச்சையைவிட்டுக் கோடு இறங்கவே இல்லை. "பூண்டும் பால் சுறாப் புட்டும் வேலை செய்யுது" என்றார். சரி, அப்படியே இருக்கட்டும். நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது மட்டும் பழி மாத்திரை மேல் விழுந்தது. மாத்திரையே தொடாத என் தங்கைக்கும் அதே நாலாவது மாதம் கொட்டியது. அது பிரசவத்தோடு வருவது.

அக்டோபரில் 26 வார விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன். மூன்றே வாரத்தில் பால் குறைந்தது. கம்பெனியில் ஸ்டேஷனரி அடுக்கிவைத்திருக்கும் ஒரு சின்ன அறையில், கதவில் நாற்காலியைச் சாத்திவைத்துவிட்டு, மதியம் ஒருமுறை பம்ப் செய்வேன். முதல் வாரம் 120 மில்லி வந்தது, மூன்றாவது வாரம் 70. "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று அத்தை ஆரம்பித்துவிட்டார். எனக்கும் சந்தேகம் வந்து, ஒரு ராத்திரி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் தெளிவு கொடுத்தது. அன்றைக்குப் பையன் நாள் முழுக்க என்மேலேயே தொங்கிக்கொண்டிருப்பான். திங்கட்கிழமை காலை வேனில் போகும்போதே பால் கட்டிக்கொண்டு வலிக்கும், புடவை நனையும். அன்றைய மதியம் 110, 120. வெள்ளிக்கிழமைக்குள் பழையபடி 70. மாத்திரையை ஏழு நாளும்தான் விழுங்குகிறேன். மாத்திரைதான் காரணமென்றால் திங்கட்கிழமைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பால்? மார்பில் பால் தேங்கினால் சுரப்பு மந்தமாகும், காலியானால் கூடும். அவ்வளவுதான் விஷயம். கம்பெனியில் காலை பத்தரைக்கு இன்னொருமுறை பம்ப் செய்ய ஆரம்பித்தேன். ராத்திரி பால் கொடுப்பதையும் நிறுத்தவில்லை. பத்து நாளில் சரியாகிவிட்டது. பாலை ஐஸ் பையில் போட்டு வேனில் கொண்டுவருவேன். எங்கள் ஊர் வெயிலுக்கு அது இல்லாமல் முடியாது.

பிறகு ஏன் மாத்திரையை விட்டேன் என்றால், மறதி. டெசோஜெஸ்ட்ரலில் இடைவெளி வாரம் கிடையாது, 28 மாத்திரையும் மருந்துதான், தினமும் ஒரே நேரம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தவறினால் அடுத்த ஏழு நாள் ஆணுறை. நான் ராத்திரி ஒன்பது மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். அலாரம் அடிக்கும்போது பையன் மடியில் தூங்கிக்கொண்டிருப்பான். அணைத்துவிட்டு நானும் தூங்கிவிடுவேன். நவம்பரில் மட்டும் மூன்றுமுறை தவறியது.

எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா அந்தரா என்ற கருத்தடை ஊசியைச் சொன்னார். அரசாங்கம் 2017இல் கொண்டுவந்தது, இலவசம். மெட்ராக்ஸி புரோஜெஸ்ட்ரோன் 150 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிரசவமாகி ஆறு வாரம் தாண்டியிருந்தால் பால் கொடுப்பவர்களும் போட்டுக்கொள்ளலாம். ஹார்மோனே வேண்டாம் என்றால் சாயா மாத்திரை இருக்கிறது, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று என்றார். தினமும் ஒன்பது மணியையே மறப்பவளுக்கு எது புதன், எது ஞாயிறு என்று எங்கே ஞாபகம் இருக்கும்? ஊசியே போடச் சொன்னேன். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடமும் கொடுக்கக் கூடாது. தேய்த்தால் மருந்து சீக்கிரம் கரைந்துவிடுமாம். கையில் ஒரு அட்டை கொடுத்து அடுத்த தேதியைக் குறித்தார்.

பாலில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ஜனவரி முதல் வாரம் ரத்தப்போக்கு ஆரம்பித்தது. நிற்கவில்லை. பத்தொன்பது நாள். அதிகம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒருநாள்கூட நாப்கின் இல்லாமல் இருக்க முடியவில்லை. நடுவில் பொங்கல் வந்தது, பையனுக்கு முதல் பொங்கல். வாசலில் பானை பொங்குகிறது, நான் தூரம் என்று திண்ணையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். பையன் பானையைப் பார்த்துக் கைதட்டுகிறான். எனக்கு அழுகையாக வந்தது.

எனக்கு ஆத்திரம் இதில்தான். மாத்திரை எழுதிய இடத்தில், ஊசி போட்ட இடத்தில், வீட்டில், கம்பெனியில், எல்லாரும் பாலைப் பற்றித்தான் பேசினார்கள். ரத்தப்போக்கைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. நர்ஸம்மா "கொஞ்சம் முன்னபின்ன ஆகும்மா" என்றார். பத்தொன்பது நாளுக்குப் பெயர் முன்னபின்னவா? பலர் முதல் ஊசியோடு விட்டுவிடுவதும் இதனால்தான் இருக்கும். மறுபடியும் போய்க் கேட்டபோது டாக்டர் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் 10.4. இரும்பு மாத்திரையும், ஐந்து நாளைக்கு மெஃபனமிக் அமிலமும் கொடுத்தார். நின்றது. இந்த ஊசியில் முதல் சில மாதம் இப்படி ஆவதும், போகப் போக விலக்கே நின்றுபோவதும் சகஜம் என்று அவர்தான் உட்காரவைத்துச் சொன்னார்.

அப்படியே ஆனது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு அங்கங்கே கறை. மூன்றாவதுக்குப் பிறகு சுத்தமாக இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி படியேறும்போது தேதி எண்ணவே தேவைப்படவில்லை. அத்தைக்கு அது வேறு கவலை, கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்று. தங்காது, கருப்பையின் உள்சவ்வு தடிக்காததால் வெளியேற ஒன்றுமில்லை. எடை 54இலிருந்து 58 ஆனது. ஊசியா, வேனில் தின்ற முறுக்கா, தெரியவில்லை. எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும், நிறுத்தினால் திரும்பும் என்றார்கள். கேழ்வரகுக் களி எப்படியும் வாரத்தில் நாலு நாள் உண்டு.

ஒரு தவணை, 2023 செப்டம்பர், எட்டு நாள் தாமதமாகப் போனேன். நாலு வாரம்வரை தாமதித்தாலும் போடலாம் என்று போட்டார்கள். டிசம்பரில் போட்டது ஐந்தாவது, கடைசி. விலக்கு திரும்பியது 2024 செப்டம்பரில். ஒன்பது மாதம். ஊசியை நிறுத்திய உடனே அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. இப்போது கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி.

போன மாதம் நாத்தனாருக்கு இரண்டாவது பிரசவம். தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். என்ன போட்டுக்கொள்ளலாம் என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "ஊசியே போட்டுக்கோ, பாலெல்லாம் வத்தாது. நாப்கின் மட்டும் நாலு பாக்கெட்டு வாங்கி வச்சுக்கோ."