ஒன்பது ஆண்டு லினக்ஸ்: வீட்டுக் கணினிக்கு ஒத்துவருமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து, தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "என் கம்ப்யூட்டர்ல 11 ஏறாதாம். லினக்ஸ் போட்டுடலாமா?" 11 என்பது விண்டோஸ் 11. அதற்குப் பதிலாகப் போடக்கூடிய வேறோர் இயங்குதளம் லினக்ஸ். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் பிராசஸர் இல்லை என்று ஏதோ ஒரு காரணத்தால் கழித்துக்கட்டப்பட்ட கணினிகள் அவை. பழுது ஒன்றும் கிடையாது, நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன.

போடலாம் என்று நான் சட்டென்று சொல்லிவிடுவதில்லை. முதலில் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்வேன். எந்த மென்பொருள் இல்லாவிட்டால் உங்கள் வேலை நின்றுபோகும்? முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா? இந்த இரண்டுக்கும் வரும் பதிலை வைத்தே மிச்சத்தைச் சொல்லிவிடலாம் என்பது ஒன்பது ஆண்டில் நான் கற்றுக்கொண்டது.

நான் புரோகிராமர் இல்லை. மொழிபெயர்ப்பு வேலை. நாள் முழுக்க பிரவுசரும் ஆவணங்களும்தான். 2016 கடைசியில், 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள ஒரு பழைய லேப்டாப்பில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 18 போட்டேன். மின்ட்டைத் தேர்ந்தெடுக்கப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று பார்க்கப் பழக்கமானதாக இருந்தது. உள்ளே உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ், அதற்கும் உள்ளே டெபியன் என்ற வேறொன்று. மேலே இருப்பது சின்னமன் என்ற முகப்பு.

அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மின்ட் தளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 பதிப்பின் டவுன்லோடு இணைப்பை மாற்றி, வெளியாள் ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்த ஒரு கோப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். குழுவினர் கண்டுபிடித்து அவர்களே வெளியில் அறிவித்தார்கள். அதைப் படித்த பயத்தில், டவுன்லோடு செய்த கோப்பு அசலேதானா என்று காட்டும் செக்சம் எண்ணை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது. கடைசி எட்டு எழுத்தை மட்டும் பார்க்கும் சோம்பேறித்தனமும் கூடவே வந்துவிட்டது என்பது வேறு.

செக்சம் பார்த்தவன் பார்க்க மறந்தது வைஃபை. பென் டிரைவிலிருந்தே இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, மூடித் திறந்தால் முழிக்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் அவசரக்குடுக்கை. நேராக இன்ஸ்டால் செய்துவிட்டேன். முடிந்து திறந்தால் வைஃபை பட்டியலே இல்லை. அந்தச் சில்லை இயக்கும் டிரைவர் ஒரு நிறுவனத்துக்கே உரிய மூடிய மென்பொருள், அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையமோ வைஃபையில்தான் வர வேண்டும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரலாம் என்று எங்கோ படித்தேன். செருகிய மறு நொடி இணையம் வந்தது. டிரைவர் மேனேஜரைத் திறந்தால், தேவையான டிரைவரை அதுவே காட்டியது. ஒரு கிளிக், ஒரு ரீஸ்டார்ட், முடிந்தது. தெரிந்தவனுக்கு ஐந்து நிமிடம், தெரியாதவனுக்கு அரை நாள். லினக்ஸில் பெரும்பாலான தொல்லைகள் இந்த வகைதான். முதல் வாரம் ஆள் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

பழைய கணினி புதிதுபோல் பறக்கும் என்று லினக்ஸ் ரசிகர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. இயங்குதளம் லேசானதுதான், சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் யாரும் இயங்குதளத்தை ஓட்டுவதில்லை, பிரவுசரைத்தான் ஓட்டுகிறார்கள். 4 ஜிபியில் பத்து டேப் திறந்தால் மின்ட்டும் மூச்சு வாங்கும். 2020-ல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டி, ரேமை 8 ஜிபியாக்கியபோதுதான் அந்த லேப்டாப்புக்கு மறுபிறவி கிடைத்தது. அந்தப் புகழில் லினக்ஸுக்கு உரிய பங்கு சின்னதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். வேர்டு, எக்செல்லுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸ் 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. நானே எழுதி, நானே பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் எதற்கும் அது போதும். சிக்கல் வருவது வேர்டு கோப்பு போய்ப் போய் வரும்போது. வாடிக்கையாளர் திருத்தம் போட்டு அனுப்புவார், நான் திருத்தி அனுப்புவேன், அவர் மறுபடி திறப்பார். மூன்றாவது சுற்றில் அட்டவணையின் ஓரம் பிதுங்கிக்கொண்டு நிற்கும். "பக்க எண் மாறியிருக்கே, ஏதாவது நீக்கினீங்களா?" என்று கேட்டு ஒருவர் என்னைப் பதறவைத்தார். எதையும் நீக்கவில்லை. அவர் கலிப்ரி எழுத்துருவில் எழுதியிருந்தார், என் கணினியில் அது கிடையாது. வேறொன்றைப் போட்டு நிரப்பியதில் வரிகள் நீண்டு, 14 பக்கம் 15 ஆகிவிட்டது. கலிப்ரிக்கு அகலம் மாறாத மாற்றாக கார்லிட்டோ என்றும், கேம்ப்ரியாவுக்கு கலடேயா என்றும், யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. அவற்றைப் போட்டபின் அந்தத் தொல்லை பெருமளவு ஒழிந்தது. அட்டவணைப் பிதுக்கம் மட்டும் இன்றும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. அதற்காகவே பிரவுசரில் ஓடும் வேர்டையும் கைவசம் வைத்திருக்கிறேன். கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும், எனக்குக் கெடு தேதி முக்கியம்.

தமிழ் தட்டச்சில் குறையே இல்லை என்பேன். ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுக் கருவிகள் இரண்டையும் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு எல்லாம் வந்துவிடுகின்றன. பாமினி காலத்துக் கோப்புகளைத் திறக்க அந்த எழுத்துருவை எடுத்துப் போட்டால் போதும். இங்கே ஒரு சின்னத் திருப்தி. கட்டற்ற மென்பொருளை ஆங்கிலத்தில் சொல்லும் 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கு 'இலவசம்' என்றும் பொருள் வருவதால், அந்த இயக்கத்தார் பல பத்தாண்டுகளாக விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழில் கட்டற்றது வேறு, இலவசம் வேறு. விளக்கவே வேண்டாம்.

இனி அம்மா. அம்மாவின் லேப்டாப்பில் 2018-ல் மின்ட் 19 போட்டுக் கொடுத்தேன். அவருக்கு வேண்டியது செய்தி, பாட்டு, வீடியோ கால், எப்போதாவது ஒரு கடிதம். முதல் வாரம் "அந்த நீல எழுத்து எங்கேடா?" என்று விண்டோஸ் பிரவுசரின் படத்தைத் தேடினார். பிறகு உலகத்தைச் சுற்றி வாலை வளைத்துப் படுத்திருக்கும் ஃபயர்பாக்ஸ் நரியை அமுக்கினால் இன்டர்நெட் வந்துவிடும் என்று பிடித்துக்கொண்டார். அதன்பின் கேள்வியே இல்லை. மூலையில் அப்டேட்டைக் காட்டும் கேடயப் படத்தில் புள்ளி வைத்தால் மட்டும் குரல் வரும்: "கேடயத்துல புள்ளி வந்திருக்கு, அமுக்கட்டுமா?" அமுக்குவார், பாஸ்வேர்டு கொடுப்பார், அது தன்பாட்டில் இறக்கிக்கொள்ளும். வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. தெரியாத தளத்திலிருந்து எதையோ இறக்கி ஓட்டி வைரஸ் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் நின்றது. மென்பொருள் எல்லாம் மின்ட் தரும் களஞ்சியத்திலிருந்து வருவதுதான் அதற்குக் காரணம். லினக்ஸில் ஏமாறவே முடியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பரிசு விழுந்ததாக மெயில் வந்தால், அது எந்த இயங்குதளம் என்று பார்த்து வருவதில்லை.

என் பெரிய விபத்து 2022-ல். 2020-ல் புதிதாக மின்ட் 20 போட்டபோது முழு டிஸ்க்கையும் பூட்டும் என்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்படிச் செய்தால், கணினி கிளம்பத் தேவையான கோப்புகளுக்கு மட்டும் பூட்டப்படாத சின்ன அறை ஒன்று தனியாக ஒதுக்கப்படும். சில நூறு எம்பிதான். இயங்குதளத்தின் கருவான கர்னலுக்கு வரும் ஒவ்வோர் அப்டேட்டும் அங்கே ஏறக்குறைய 100 எம்பி பிடித்துக்கொள்ளும், பழைய கர்னலும் கூடவே உட்கார்ந்திருக்கும். இரண்டு ஆண்டு நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை அப்டேட் நடுவில் நின்றது. இடமில்லை என்று பிழைச் செய்தி. டிஸ்க்கைப் பார்த்தால் 300 ஜிபி காலியாகக் கிடக்கிறது. ஊரே காலி, வாசற்படியில் மட்டும் நெரிசல். பாதியில் நின்றதால் புதிய கர்னலில் கணினி கிளம்பவில்லை. கிளம்பும்போது வரும் கறுப்புத் திரையில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், அப்டேட் மேனேஜரின் கர்னல் பட்டியலைத் திறந்து பழையன கழித்த பிறகே மூச்சு வந்தது. கோப்பு எதுவும் போகவில்லை. அதே மேனேஜரின் அமைப்புகளில், பழைய கர்னல்களைத் தானாக நீக்கும் விருப்பம் ஒன்று அணைந்து கிடந்தது. உடனே போட்டுவிட்டேன், அம்மாவின் கணினியிலும். அம்மாவுக்கு இது நடந்திருந்தால் அந்தக் கறுப்புத் திரையில் அவர் என்ன செய்திருப்பார்? போன் செய்திருப்பார், வேறென்ன.

டைம்ஷிஃப்ட் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவனாவேன். கணினியின் நிலையை நாள்வாரியாகப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் கருவி அது. கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றப்போய்த் திரை இருண்ட இரண்டு முறையும், முதல் நாள் நிலைக்குத் திரும்பிப் பிழைத்தேன். ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவும் முன் அப்கிரேடு கருவியும் அதைத்தான் கேட்கும். 20, 21, 22 என்று அதே நிறுவலை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறேன். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மாலைப்பொழுது ஆகும். நம் சொந்தக் கோப்புகளை அது காப்பதில்லை, அவற்றுக்குத் தனியாக பேக்கப் வேண்டும்.

பிரின்டர் பற்றி நல்ல செய்தியே அதிகம். நெட்வொர்க்கில் டிரைவர் இல்லாமலே அச்சிடும் இப்போதைய பிரின்டர்களை மின்ட் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. என் பழைய லேசர் பிரின்டருக்கு மட்டும் விதி அமையவில்லை. தயாரித்தவர்கள் லினக்ஸ் டிரைவர் தரவில்லை, அதை அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். விளையாட்டு எனக்கு அவ்வளவாகத் தெரியாது. விளையாட்டுக் கடையான ஸ்டீமின் புரோட்டான் என்ற கருவி 2018-ல் வந்தபின் விண்டோஸ் விளையாட்டுகள் பலவும் ஓடுகின்றன. கர்னல் வரை இறங்கி ஏமாற்று வேலையைக் கண்காணிக்கும் ஆன்லைன் விளையாட்டுகள் பலவும் ஓடாது. பிள்ளைகள் எதை ஆடுகிறார்கள் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அக்கா கணக்காளர். 2021-ல் என் பேச்சைக் கேட்டு மாறினார், மூன்றே வாரத்தில் விண்டோஸுக்குத் திரும்பிவிட்டார். குற்றம் என்னுடையது. அவருடைய எக்செல் கோப்புகளில் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களாக, பத்தாண்டு மேக்ரோக்கள் குடியிருக்கின்றன. லிப்ரே ஆபீஸில் சில ஓடின, சில பாதியில் படுத்தன. பாதி ஓடும் மேக்ரோவைக் கணக்கில் நம்ப முடியாது, ஓடாததே மேல். இதில் எனக்குப் புரிந்தது இதுதான்: கணினி அதிகம் தெரியாத அம்மாவுக்கு லினக்ஸ் சுலபம், நோண்டத் தெரிந்தவர்களுக்கும் சுலபம். விண்டோஸை நன்றாகப் பழகி, அதிலேயே கை ஊறிப்போன அக்கா மாதிரி ஆட்கள்தான் தவிக்கிறார்கள். பலர் நினைப்பதற்கு நேர்மாறு. பழகியதை மறப்பதுதான் அவர்களுக்கு வேலை. இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும், மாறி மாறிக் கிளம்பினால் மணி சில மணி நேரம் தள்ளிக் காட்டும். சீக்கிரம் கிளம்புவதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்காவிட்டால், லினக்ஸ் அதன் டிரைவைப் படிக்க மட்டும்தான் விடும். இரண்டுக்கும் தீர்வு உண்டு. ஆனால் தீர்ப்பதற்கும் ஒரு ஆள் வேண்டும்.

இப்போது என் கணினியிலும் அம்மாவின் கணினியிலும் மின்ட் 22 ஓடுகிறது, 2029 வரை அப்டேட் வரும். போன வாரம் அக்கா அழைத்தார். அவருடைய பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லையாம்.

"உன் லினக்ஸ்ல இப்பவாவது என் மேக்ரோ ஓடுமாடா?"

"எல்லாம் ஓடாதுக்கா."

"சரி, நான் புதுசு வாங்கிக்கறேன். இதைப் பசங்களுக்குப் போட்டுக் கொடு. ஞாயித்துக்கிழமை வந்து கூடவே இருந்து சொல்லிக் கொடுத்துட்டுப் போ."

பென் டிரைவ் தயார். இந்த முறை வைஃபையை முதலிலேயே பார்த்துவிடுவேன்.