ஆயர் தாவாரிலிருந்து ஐம்பது அடிப் படகு வாங்கப் போன கதை

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் ஆயர் தாவார், மலாய் மொழியில் நன்னீர் என்று அர்த்தம். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், கடலைப் பார்க்க லூமுட்டுக்குக் கார் ஏற வேண்டும். இங்கே இருந்துகொண்டு அத்தான் படகு வாங்கக் கிளம்பிவிட்டார். அதுவும் மேல்தளத்தில் இன்னொரு ஸ்டியரிங் வைத்த ஃப்ளைபிரிட்ஜ் படகு, இரண்டு பங்காளிகளோடு சேர்ந்து, பழையதாக. பழக்குலை லாரி ஓட்டிச் சம்பாதித்த காசு, அவர் இஷ்டம். நான் ஆலையில் டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் "நீயும் வந்து பாரு மச்சான்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

கடைசியில் நின்றவை நான்கு: பிரான்சின் ப்ரெஸ்டீஜ் 520, இங்கிலாந்தின் சன்சீக்கர் மன்ஹாட்டன் 52, போலந்தின் கேலியன் 500 ஃப்ளை, அப்புறம் கிராண்ட் பேங்க்ஸ்.

கேலியனை முதலிலேயே கழித்துவிடுகிறேன். பின்தளத்தின் இரண்டு பக்கச் சுவரும் மடங்கிக் கடல்மேல் திண்ணை மாதிரி விரியும், பார்க்க அழகுதான். ஆனால் படகுகளை வரிசையாக நிறுத்தும் மரினாவில் பக்கத்துப் படகு நிற்கும்போது அதை விரிக்கவே முடியாது, உப்புக்காற்றில் இத்தனை ஹைட்ராலிக் மூட்டுகளை யார் பராமரிப்பது?

ப்ரெஸ்டீஜ் அக்காவுக்குப் பிடித்துவிட்டது. முதலாளி அறைக்குத் தனிப் படிக்கட்டு, விருந்தாளிகள் அறைக்கு வேறு படிக்கட்டு. "ராத்திரி யார் குறட்டையும் கேட்காது" என்றார். அத்தானுக்கோ ஜாய்ஸ்டிக் பிடித்தது. வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவருக்கு ஒரு கைப்பிடியைத் திருப்பினால் ஐம்பது அடிப் படகு பக்கவாட்டில் நகர்ந்து படகுத்துறையில் ஒட்டுவது மந்திரம் மாதிரி இருந்திருக்கும். இதற்குக் காரணம் வோல்வோ பென்டா 2005-இல் கொண்டுவந்த ஐபிஎஸ் என்ற அமைப்பு. படகின் அடியில் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு தொங்கு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள் (புரொப்பெல்லர்), அவை முன்பக்கம் பார்த்து நின்று படகை இழுக்கும். இன்ஜினிலிருந்து நீளத் தண்டு போய் விசிறியைச் சுழற்றும் சாதாரணத் தண்டு அமைப்பைவிட டீசல் எண்ணெய் முப்பது சதவீதம் வரை மிச்சம் என்பது வோல்வோவின் கணக்கு. ஒரு விஷயம், ஐபிஎஸ் 600 என்றதும் அத்தான் அறுநூறு குதிரைத்திறன் என்று நினைத்துவிட்டார். உண்மையில் அந்த இன்ஜின் 435-தான். தண்டு அமைப்பில் 600 செய்யும் வேலையை இது செய்யும் என்பதற்காக வைத்த பெயர் அது.

இவ்வளவும் சரி, ஆனால் மழைக்குப் பிறகு டிண்டிங் ஆற்று வாயைப் போய்ப் பாருங்கள். மரக்கட்டை, நிப்பா பனை மட்டை, அறுந்த வலை, பிளாஸ்டிக் கயிறு, எல்லாம் மிதந்து வரும். முன்பக்கம் பார்க்கும் விசிறிதான் அதையெல்லாம் முதலில் சந்திக்கும். பலமாக மோதினால் அந்தப் பெட்டி கழன்று விழும்படிதான் செய்திருக்கிறார்கள், படகுக்குள் தண்ணீர் ஏறக் கூடாது என்பதற்காக. உயிர் பிழைக்கலாம், ஆனால் அடுத்து வரும் பில்லை நினைத்துப் பார்த்தேன்.

மன்ஹாட்டனில் பழைய தண்டு அமைப்பு. விசிறி வளைந்தால் கழற்றித் தட்டி நிமிர்த்த ஆள் கிடைப்பார், லேப்டாப் கொண்டுவரும் மெக்கானிக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். குறை என்ன? எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும், ஒதுக்கி நிறுத்த இரண்டு கியரையும், மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும் முன்பக்கத் த்ரஸ்டரையும் வைத்துப் பழக வேண்டும். அத்தான் இரண்டு மாதத்தில் பழகிவிடுவார்.

எண்ணெய்க் கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். ப்ரெஸ்டீஜையே எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு 435 இன்ஜின், 22 நாட் வேகத்தில் தோராயமாக மணிக்கு 120 லிட்டர். லூமுட்டிலிருந்து லங்காவி சுமார் 130 கடல் மைல், ஆறு மணி நேரம், எழுநூறு லிட்டருக்கு மேல். 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் லிட்டர் 2.15-இலிருந்து 3.35 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஏறியதே, அந்த விலையில் போட்டாலும் ஒரு வழிக்கு மட்டும் 2,300 வெள்ளியைத் தாண்டும். மன்ஹாட்டனுக்கு அதற்கும் மேலே. இன்னொன்று, நம் பம்ப்பில் வரும் பி10 டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து வருகிறது. நம் தோட்டத்துப் பழம்தான், அதில் எனக்கும் பெருமைதான், ஆனால் அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் படகின் டேங்கில் அடியில் தண்ணீர் சேர்ந்து, பாசி மாதிரி கிருமி வளர்ந்து, ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் "ஏழு வருஷத்தில் முந்நூறு மணி நேரம்தான் ஓடியிருக்கிறது" என்று ஒரு தரகர் பெருமையாகச் சொன்னபோது எனக்குப் பயம் வந்தது. ஓடாத இன்ஜின்தான் உள்ளே துருப்பிடிக்கும். போதாக்குறைக்கு, நாங்கள் போய் இறங்கும்போதே இன்ஜின் சூடாக இருந்தது. ஆறிக் கிடக்கும் இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, எந்த நிறத்தில் புகை விடுகிறது என்று பார்க்க விடாமல் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்.

கிராண்ட் பேங்க்ஸ் மேல் எனக்கு ஆசை உண்டு. ஜொகூர் பாசிர் கூடாங்கில் கட்டுகிறார்கள். மேல்கட்டுமானம் கார்பன் ஃபைபர், எடை குறைவு. 60 மாடலில் மேல்தளத்தை ஏசி போட்ட கண்ணாடி அறையாகவும் வாங்கலாம், நம் ஊர் வெயிலுக்கு அதுதான் புத்தி. திறந்த ஃப்ளைபிரிட்ஜில் காலை பதினொன்றுக்கு மேல் உட்கார்ந்தால் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி. ஆனால் விலையைக் கேட்டதும் பங்காளிகள் இருவரும் தேத்தாரே டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள்.

என் ஓட்டு மன்ஹாட்டனுக்கு, மேல்தளத்துக்கு ஹார்ட்டாப் என்கிற கெட்டிக் கூரை இருந்தால் மட்டும். அக்கா இன்னும் அந்தத் தனிப் படிக்கட்டை விட்டு இறங்கவில்லை. அடுத்த மாதம் மன்ஹாட்டனைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பாகத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறோம், இன்ஜின் ஆயில் சாம்பிள் எடுக்க ஆலையிலிருந்து இரண்டு போத்தல் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை வருகிற நேரத்தைத் தரகரிடம் சொல்லப்போவதில்லை.