பலகைத் தரைக்கு எந்தக் கார்ட்ரிட்ஜ்? டெக்னிக்ஸ் கையில் மூன்றைப் போட்டுப் பார்த்தேன்

ஹட்டனில் எங்கள் வீடு பழைய தோட்டக் குவாட்டர்ஸ். தரை முழுக்கப் பலகை. குசினியிலிருந்து யாராவது கொஞ்சம் வேகமாக நடந்து வந்தால் அலுமாரிக் கண்ணாடி கலகலக்கும். அந்தத் தரையில்தான் என் இசைத்தட்டு மெஷின், டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, நிற்கிறது. அதற்கு ஓர்ட்டோஃபோன் 2எம் ரெட், டெனொன் டிஎல்-103, ஓடியோ-டெக்னிக்கா விஎம்95ஈ என்று மூன்று கார்ட்ரிட்ஜ்களை, அதாவது மெஷினின் கை நுனியில் ஊசியோடு பூட்டும் சின்னப் பெட்டிகளை, மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். ஒன்று என்னுடையது, மற்ற இரண்டும் நண்பர்களிடம் இரவல் வாங்கியவை.

சத்தம் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, கையும் கார்ட்ரிட்ஜும் ஒத்துப்போகிறதா என்பதை. ஊசியைத் தாங்கும் ரப்பர் ஒரு ஸ்பிரிங் மாதிரி. அதன் மேல் கையின் பாரம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தானாக ஆடப் பார்க்கும். இதுதான் ஒத்ததிர்வு. அது 8 முதல் 12 ஹேர்ட்ஸுக்குள் விழுந்தால் நல்லது. நெளிந்த இசைத்தட்டின் ஏற்ற இறக்கமும் தரையின் ஆட்டமும் பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும். பாட்டு 20 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் தொடங்கும்.

கணக்கு லேசானது. கையின் செயல்நிறை (கை அசையும்போது ஊசி உணரும் பாரம்), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கம்ப்ளையன்ஸால், அதாவது ஊசி எவ்வளவு இளகி அசையும் என்பதைச் சொல்லும் எண்ணால், பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 159-ஐ அதனால் வகுத்தால் ஹேர்ட்ஸ் வரும். எம்கே2-இன் கைக்குச் செயல்நிறை 12 கிராம். நடுத்தரமான கை.

2எம் ரெட்டின் எடை 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. திருகோடு சேர்த்தால் மொத்தம் 20 கிராம், விடை 8 ஹேர்ட்ஸ். தாளில் பார்த்தால் பாஸ்தான், ஆனால் விளிம்பில் நிற்கிறது. சீமெந்துத் தரை வீட்டில் இதைக் கேட்டால் ஒரு குறையும் தெரியாது, 5.5 மில்லிவோல்ட் தருவதால் பாட்டு நிமிர்ந்து வரும், தவில் அடி கணீரென்று விழும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஓடும்போது ஸ்பீக்கர் கூம்பு உள்ளே வெளியே போவது கண்ணுக்கே தெரிந்தது. நெளிந்த தட்டு என்றால் இன்னும் மோசம். சுவரில் பலகைத் தட்டு அடித்து அதில் மெஷினை வைக்க முடிந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

டிஎல்-103 வேறு சாதி. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் என்எச்கே வானொலிக்காக உருவானது. இதில் பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. இதன் கம்ப்ளையன்ஸ் 5 என்று போட்டிருக்கும். அதை அப்படியே கணக்கில் போட்டால் 15 ஹேர்ட்ஸ் வரும். கை பாரம் போதாது என்று முடிவு கட்டிவிடுவோம். ஆனால் அந்த 5, ஜப்பானிய வழக்கப்படி 100 ஹேர்ட்ஸில் அளந்தது. நமக்கு வேண்டியது 10 ஹேர்ட்ஸ் அளவு. அதற்கு ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் சுமார் 11 முதல் 12.5 ஹேர்ட்ஸ். இன்னும் பாரமான கை இதற்குப் பிடிக்கும் என்றாலும், டெக்னிக்ஸ் கையில் ஓடாது என்பது தவறு. பெண் குரல் இதில் வருகிற மாதிரி மற்ற இரண்டிலும் வரவில்லை, அதை மனதாரச் சொல்கிறேன். ஆனாலும் நான் இதை வாங்கவில்லை. 0.3 மில்லிவோல்ட்தான் தரும், அதற்கென்று தனி முன்பெருக்கியோ டிரான்ஸ்ஃபோர்மரோ வேண்டும். ஊசி தேய்ந்தால் நாமே கழற்றி மாற்றவும் முடியாது. மலைநாட்டில் இருந்துகொண்டு அதற்காக எங்கே அனுப்புவது?

விஎம்95ஈ 6.1 கிராம். கம்ப்ளையன்ஸ் 7, இதுவும் 100 ஹேர்ட்ஸில் அளந்ததுதான். மாற்றிப் போட்டால் 10, 11 ஹேர்ட்ஸ் பக்கம் வருகிறது. பலகைத் தரைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அதே பிள்ளைகள், அதே ஓட்டம், கூம்பு கிட்டத்தட்ட அசையவில்லை. 2எம் ரெட்டை விடக் கொஞ்சம் மெல்லிய சத்தம், 4 மில்லிவோல்ட். வொல்யூமைச் சற்றுத் திருப்பினால் சரி. ஊசியைக் கையால் இழுத்து மாற்றலாம். பிறகு காசு சேர்ந்தால் இதே உடலில் இன்னும் உயர்ந்த ரகமான மைக்ரோலைன் ஊசியைச் செருகலாம். (2எம் ரெட்டிலும் அடுத்த ரகமான 2எம் ப்ளூவின் ஊசி ஏறும்.)

ஊசி பாரத்தில், அதாவது ஊசி தட்டை அழுத்தும் அளவில், குளிரையும் சேர்த்து யோசிக்க வேண்டும். குளிரில் ரப்பர் இறுகும், ஊசியின் அசைவு குறையும். தை மாதக் காலையில் முதல் பாட்டிலேயே ‘ச’, ‘ஸ’ எல்லாம் சீறுவது அதனால்தான். விஎம்95ஈ-க்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை அனுமதி, நான் 2.1-இல் வைத்திருக்கிறேன். அறை சூடேறும் வரை நல்ல தட்டுகளை எடுப்பதில்லை.

இப்போது கையில் விஎம்95ஈ-தான் இருக்கிறது. ஊசி முனை, ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜைப் பூட்டும் கை நுனித் துண்டின்) ரப்பர் வளையத்திலிருந்து 52 மில்லிமீற்றரில் நிற்கிறதா என்று அளந்து திருகை இறுக்கினேன். டிஎல்-103-ஐ ஒரு பழைய துணியில் சுற்றி நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.