இன்லைன் ஸ்கேட் வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க, எங்க 6,400 ரூபா போச்சு

கோத்தகிரி பக்கத்துல இருந்து எழுதுறேன். இப்பத்தான் ஃபோனை வெச்சேன். அந்தக் கடைக்காரர் என் நம்பரை ப்ளாக் பண்ணிட்டாரு, வீட்டுக்காரர் நம்பர்ல இருந்து அடிச்சா என் குரல் கேட்டதும் கட் பண்றாரு. 6,400 ரூபா. ஒரு ப்ளவுஸுக்கு 150 ரூபா வாங்கித் தைக்கிறவ நான், எத்தனை ப்ளவுஸ்னு நீங்களே போட்டுப் பாத்துக்கங்க. எங்களுக்கு ஆனது இன்னொரு பிள்ளைக்கு ஆகக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

பாப்பா ஏழாவது படிக்குறா. குன்னூர்ல சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு மாஸ்டர் ஸ்கேட்டிங் கிளாஸ் எடுக்குறாரு, அவ கிளாஸ் பிள்ளைங்க ரெண்டு பேர் போறாங்க, இவளும் ஒரு வருஷமா கேட்டுட்டே இருந்தா. எங்க மலையில சமமான இடம் எங்கங்க இருக்கு, வீட்டை விட்டு இறங்குனா ஒண்ணு ஏத்தம் இல்ல இறக்கம், அதனால நான்தான் பயந்து தள்ளிப் போட்டுட்டே வந்தேன். அப்புறம் அந்த மாஸ்டர் ஒரு பள்ளிக்கூடத்து பாஸ்கெட்பால் கோர்ட்லதான் விடுறாரு, ரோட்டுல விடுறது இல்லைன்னு தெரிஞ்சதும் சரின்னேன். ஸ்கேட் மட்டும், அதான் சக்கரம் எல்லாம் ஒரே வரிசையில இருக்குற இன்லைன் ஸ்கேட், நாங்களே வாங்கிட்டு வரணும்னு சொன்னாங்க. அங்கதான் நான் பண்ணின தப்பு, மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கணும், பாப்பா அவசரப்படுத்துனா, வீட்டுக்காரர் கேரட் லோடு இறக்கிட்டு அன்னைக்கு மேட்டுப்பாளையத்துல சும்மாதான் நின்னாரு, அப்படியே மூணு பேரும் கோயமுத்தூர் போயிட்டோம்.

விளையாட்டுச் சாமான் விக்கிற பெரிய கடை, ரெண்டு மாடி. பேரைப் போடல, போட்டா வேற பிரச்சினை வரும்னு வீட்டுக்காரர் சொல்றாரு. உள்ள போனதுமே அந்த ஆளு எவ்வளவு மரியாதைங்க, "வாங்கக்கா, எந்த ஊரு"ன்னாரு, கோத்தகிரின்னேன், "அட, மலைக்காரங்க எல்லாம் நம்மகிட்டதான் வாங்குறாங்க, அந்த ஊருக்குன்னே ஒரு மாடல் இருக்கு"ன்னு ஒரு டப்பாவை எடுத்தாரு. டப்பா மேல ப்ரொஃபஷனல்னு போட்டிருந்துச்சு, ஏபெக் 9னு போட்டிருந்துச்சு. ஒரு ஸ்கேட்டைக் கையில தூக்கிப் பிடிச்சு, ஒத்தை விரலால சக்கரத்தைத் தட்டி விட்டாரு பாருங்க, அது சுத்துது சுத்துது, நிக்கவே மாட்டேங்குது, உள்ள லைட் வேற எரியுது. பாப்பா கண்ணு அதுலயே நின்னு போச்சு. நானும் நம்பிட்டேன், இவ்வளவு நல்லா சுத்துதே, நல்ல பொருளாத்தான் இருக்கும்னு.

பாப்பாவை ஸ்டூல்ல உக்கார வெச்சு, அவரே கீழ குந்தி ரெண்டு காலுக்கும் மாட்டி பக்கிள் போட்டு விட்டாரு. அவ எந்திரிக்கப் போனா. "வேண்டாம் கண்ணு, டைல்ஸ் தரை, வழுக்கி விட்டுரும், உக்காந்தே பாரு"ன்னு தோள்ல கை வெச்சு உக்கார வெச்சுட்டாரு. அந்த இடத்துலதாங்க நான் முழுசா விழுந்தது. என் பொண்ணு விழுந்துரக் கூடாதுன்னு எவ்வளவு அக்கறைன்னு நெனைச்சேன். கொஞ்சம் பெருசா இருக்கேன்னு கேட்டதுக்கு, "வளர்ற பிள்ளைக்கா, திருகுனா அளவு மாத்திக்கலாம், ரெண்டு சாக்ஸ் போட்டா கரெக்டா நிக்கும்"னாரு. முதல்ல 7,500 சொன்னாரு, பேசிப் பேசி 6,400க்கு முடிச்சேன், குறைச்சு வாங்கிட்டோம்னு சந்தோஷமா ஜிபேல போட்டேன். போட்டப்போ கடை பேர் வரல, யாரோ ஒரு ஆள் பேர் வந்துச்சு. அதையும் கேக்கல.

அடுத்த சனிக்கிழமை முதல் கிளாஸ். பாப்பா எந்திரிச்சு நின்னதுமே ரெண்டு கணுக்காலும் உள்பக்கமா மடங்குது. நிக்கவே வரல. மாஸ்டர் வேற பிள்ளைங்களை வரிசையில நிறுத்திட்டு இருந்தாரு, அவரு திரும்புறதுக்குள்ள இவ ரெண்டு எட்டு வெச்சா, சக்கரம் தரையைப் பிடிக்காம சர்ருன்னு பக்கவாட்டுல போயிருச்சு, கையை ஊனி விழுந்தா. மணிக்கட்டு வீங்கிருச்சு. எலும்பு ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம், ஆனா இன்னும் கட்டுப் போட்டுத்தான் இருக்கா, வலது கை வேற, எழுத முடியல.

அப்புறம் மாஸ்டர் அந்த ஸ்கேட்டை மடியில வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா காட்டுனாரு, எனக்கு வயிறு எரிஞ்சுது. கணுக்காலைச் சுத்தி வர்ற மேல் பாகத்தை ரெண்டு விரலால அமுக்குனாரு, தயிர் டப்பா மாதிரி உள்ள போச்சு. அது கெட்டியா நின்னாத்தான் பழகுற பிள்ளைக்குக் கால் மடங்காதாம். சக்கரத்துல நகத்தை வெச்சு அழுத்தச் சொன்னாரு, கல்லு மாதிரி இருக்கு, வேற ஒரு பையனோட சக்கரத்துல அழுத்துனா லேசா ரப்பர் மாதிரி குடுக்குது. அது பாலியூரிதேன், பியூன்னு சொல்றாங்க. எங்களுது வெறும் பிவிசி, தரையைக் கவ்வாது. அந்தப் பையனோட சக்கரத்துல 76 மில்லிமீட்டர், 82ஏன்னு அச்சடிச்சிருந்துச்சு, முதல் நம்பர் சக்கரத்தோட அளவு, ரெண்டாவது எவ்வளவு கெட்டின்னு சொல்றது, நம்பர் ஏற ஏற கெட்டி. எங்க சக்கரத்துல ஒண்ணுமே இல்ல, மழமழன்னு இருக்கு. சக்கரத்தைத் தாங்குற ஃப்ரேமும் பிளாஸ்டிக், அந்த ஒரு விழுகைக்கே ஓரத்துல கீறல் விட்டிருந்துச்சு.

நல்லா சுத்துச்சே மாஸ்டர், ஏபெக் 9னு போட்டிருக்கேன்னு கேட்டேன். வெயிட் இல்லாம கையில தட்டி விட்டா எதுவும் சுத்தும்மா, பிள்ளை மேல ஏறி நின்னாத்தான் தெரியும்னாரு. ஏபெக்குங்கிறது சக்கரத்துக்குள்ள இருக்குற பேரிங்கை எவ்வளவு துல்லியமா செஞ்சிருக்காங்கங்கிறதுக்கு 1, 3, 5, 7, 9ன்னு வெச்ச கணக்காம், மெஷினுக்குப் போடுற பேரிங்குக்கு வெச்சது, பழகுற பிள்ளைக்கு அதுனால ஒண்ணும் ஆகப் போறதில்ல, டப்பா மேல யாரு வேணாலும் அடிச்சுக்கலாம்னாரு. அளவும் தப்பு. பாப்பா கால் 36, அந்த ஸ்கேட்டை எவ்வளவு திருகுனாலும் 38க்குக் கீழ வராது. ரெண்டு சாக்ஸ் போட்டா கால் உள்ள இன்னும் நல்லா வழுக்கத்தான் செய்யும். குதிகால்ல இருக்க வேண்டிய பிரேக் கட்டையும் இல்ல. பிரேக் இல்லாம இந்த மலையில! அந்தக் கடைக்காரருக்கு நாங்க எந்த ஊருன்னு நல்லாத் தெரியும், முதல் கேள்வியே அதுதானே கேட்டாரு.

அன்னைக்கே ஃபோன் பண்ணேன். "நாலு நாள் பழகுனா சரியாயிரும்கா." மறுநாள் பண்ணேன், "ஃபோட்டோ அனுப்புங்க, கம்பெனிக்கு அனுப்புறேன்." அனுப்புனேன், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. மூணாவது நாள் ஒரு பையன் எடுத்து ஓனர் திருப்பூர் போயிருக்காருன்னான். ஒரு நாள் வேலையை விட்டுட்டு பஸ் ஏறி நேர்லயே போனேன், திருப்பூர் போனவரு கல்லாவுல உக்காந்திருக்காரு. ஸ்கேட்டைக் கையில வாங்கிக் கூடப் பாக்கல. "யூஸ் பண்ணிட்டீங்களேக்கா, யூஸ் பண்ணினதை எப்படி எடுப்பேன்"னாரு. போட்டுப் பாக்காம எப்படிங்க தெரியும், கடையில எந்திரிக்கவே விடலையேன்னு கேட்டேன். "மலையில ஓட்டுனா அப்படித்தான் ஆகும், இது கீழ ஓட்டுற மாடல்"னாரு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்றாரு! எங்க ஊருக்குன்னே உள்ள மாடல்னு குடுத்த அதே வாயி!

பில்லை நீட்டுனேன். அதை வாங்கிப் பாத்துட்டு, "இது பில் இல்லக்கா, எஸ்டிமேட்"னு திருப்பிக் குடுத்தாரு. அப்பத்தான் நானே பாத்தேன், மேல பென்சில்ல எழுதுன மாதிரி மங்கலா எஸ்டிமேட்னு அச்சு, கடை பேரும் இல்ல, ஜிஎஸ்டி நம்பரும் இல்ல, ஸ்கேட் 1 செட் 6,400, அவ்வளவுதான். சுத்தி நாலு பேர் வேடிக்கை பாக்குறாங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, எந்திரிச்சு வந்துட்டேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் அந்தப் பையை மடியில வெச்சுட்டே வந்தேன்.

வாங்கி இன்னையோட 19 நாள் ஆச்சு. கெட்ட பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்றதும், பில் குடுக்காததும் 2019 நுகர்வோர் சட்டத்துல முறையற்ற வணிகம்னு இருக்குன்னு என்கிட்ட தைக்கக் குடுக்கிற ஒரு டீச்சர் சொன்னாங்க, திருப்பி எடுக்க எத்தனை நாள்னு பில்லுல போடலைன்னா 30 நாள் கணக்காம். நாளைக்குக் காலையில நுகர்வோர் புகார் சொல்ற 1915 நம்பருக்கு அடிக்கப் போறேன். ஜிபே ரசீது, அந்த நீல டிக் எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டேன்.

எப்படிப் பாத்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல, மனசு அங்கயே நிக்குது. மாஸ்டர் சொன்னதுல முக்கியமானது மட்டும்: பிள்ளையை ஸ்கேட்டோட எந்திரிச்சு நிக்க வெச்சுப் பாக்காம காசு குடுக்காதீங்க, நிக்க விடலைன்னா அந்தக் கடையே வேண்டாம். நேரா நிக்கும்போது கால் விரல் நுனி முன்னாடி லேசா முட்டணும், முட்டியை மடக்குனா குதிகால் பின்னாடி போய் உக்காரணும், தூக்கக் கூடாது. சக்கரம் 70ல இருந்து 80 மில்லிமீட்டருக்குள்ள போதும், பெருசு இப்ப வேண்டாம். லைட் எரியுதான்னு பாக்காதீங்க, நகம் வெச்சுப் பாருங்க. பிரேக் இருக்கான்னு பாருங்க. ஹெல்மெட்டும் மணிக்கட்டுக்குப் போடுற பாதுகாப்புப் பட்டையும் முதல்ல வாங்குங்க, நான் ஸ்கேட்டுக்கே காசு போச்சுன்னு அதை அடுத்த மாசம்னு விட்டதாலதான் பாப்பா கை இப்படி ஆச்சு. தரையில பனித் தண்ணி இருந்தா இறக்கி விடாதீங்க, வழுக்கும், பேரிங்கும் துரு ஏறும். பில்லுல என்ன எழுதியிருக்குன்னு அங்கயே நின்னு படிங்க, ஜிபேல யார் பேர் வருதுன்னும் பாருங்க.

இன்னும் இருக்கு, பாப்பா கூப்பிடுறா, கட்டு மாத்தணும்.