பைத்தானுக்கு மைஎஸ்கியூஎல் கனெக்டர்: மூன்றில் எதை எடுக்கலாம்?

பைத்தானிலிருந்து மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு பேசப் பெரும்பாலும் மூன்று லைப்ரரிகள்தான் கண்ணில் படும்: மைஎஸ்கியூஎல்கிளையன்ட், பைமைஎஸ்கியூஎல், அப்புறம் ஆரக்கிள் வெளியிடும் கனெக்டர்/பைத்தான். எது வேகம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. உங்கள் சர்வரில் எது தகராறு இல்லாமல் இன்ஸ்டால் ஆகும், நாளைக்குப் பழுது வந்தால் யார் பார்ப்பார்கள் என்ற இரண்டும்தான் முன்னால் வர வேண்டியவை.

யார் பார்ப்பார்கள் என்பதில் ஒரு விசேஷம் உண்டு. ஒன்றுக்கொன்று போட்டியாகப் பேசப்படும் முதல் இரண்டையும் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர் ஒரே ஆள், ஜப்பானைச் சேர்ந்த இனாடா நவோகி. பைத்தான் மொழியின் கோர் டெவலப்பர்களில் ஒருவர். பைத்தான் 3.6-இல் டிக்ஷனரிகள் (கீ, மதிப்பு என்று ஜோடியாகத் தகவலை வைப்பவை) குறைந்த மெமரியில் அடங்கத் தொடங்கினவே, அந்த மாற்றத்தை எழுதிச் சேர்த்ததும் இவர்தான்.

ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்தியது ஆண்டி டஸ்ட்மன் உருவாக்கிய மைஎஸ்கியூஎல்டிபி. அது பைத்தான் 2-ஓடு நின்றுவிட்டது. இனாடா அதை ஃபோர்க் செய்து (நிரலை நகலெடுத்துத் தனிக் கிளையாக வளர்த்து), பைத்தான் 3 ஆதரவைச் சேர்த்து, தேங்கிக் கிடந்த பிழைகளைத் திருத்தி மைஎஸ்கியூஎல்கிளையன்ட் என்ற பெயரில் வெளியிட்டார். இம்போர்ட் செய்யும் பெயரை மட்டும் பழையபடியே விட்டுவைத்தார். அதனால் பழைய புராஜெக்டுகள் கோடைப் பெரிதாகத் தொடாமலே மாற முடிந்தது. இன்று, பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவின் ஆவணம் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

இதன் தொல்லையெல்லாம் இன்ஸ்டால் செய்யும்போதுதான். உள்ளே இருப்பது சி நிரல். விண்டோஸுக்குத் தயாராக வீல் (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்) கிடைக்கிறது. லினக்ஸில் நாமேதான் கம்பைல் செய்ய வேண்டும். டெபியன், உபுண்டு என்றால் பைத்தானின் டெவ் பேக்கேஜ், மைஎஸ்கியூஎல் கிளையன்ட் லைப்ரரியின் டெவ் பேக்கேஜ், பில்ட்-எசென்ஷியல் மூன்றும் வேண்டும். 2.2 பதிப்பிலிருந்து பேக்கேஜ்-கான்ஃபிக் (pkg-config) என்ற கருவியும் சேர்ந்துகொண்டது. மெலிந்த டாக்கர் இமேஜில் இவை எதுவும் இருக்காது. பைத்தான் பேக்கேஜ்களை ஏற்றும் பிப் பாதியில் விழும். ஒருமுறை ஏற்றிவிட்டால் கவலையில்லை. லட்சக்கணக்கான வரிசைகளைப் படிக்கும் வேலையில் வேக வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பைமைஎஸ்கியூஎல் முழுக்கப் பைத்தான். கம்பைலர் தேவையில்லை, பைத்தான் ஓடும் இடத்தில் எல்லாம் ஓடும். பல வேலைகளை மாற்றி மாற்றி ஓடவிடும் ஜிஈவென்ட் லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு லாபம்: சாக்கெட் வேலையும் பைத்தானிலேயே நடப்பதால் மங்கி-பேட்ச் செய்தால் (ஓடும்போதே பைத்தானின் சாக்கெட் நிரலை ஜிஈவென்டின் நிரலால் மாற்றினால்) போதும், ஒரு குவெரிக்காக மற்ற வேலைகள் காத்துக் கிடக்காது. சி லைப்ரரிக்குள் நடக்கும் காத்திருப்பை அப்படித் தொட முடியாது. பைத்தானோடே வரும் இதே மாதிரி வசதியான அசிங்க்ஐஓவுக்கான ஏஐஓமைஎஸ்கியூஎல் எழுந்து நிற்பதும் இதன் மேல்தான். பதிலுக்குக் கொடுக்கும் விலை, ஒவ்வொரு பாக்கெட்டையும் பைத்தானே பிரித்துப் படிக்கும் தாமதம். மைஎஸ்கியூஎல் 8.0-இல் பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறை மாறியதால், டிஎல்எஸ் மறையாக்கம் இல்லாத கனெக்ஷனில் கிரிப்டோகிராஃபி பேக்கேஜும் வேண்டும் என்று எரர் வரலாம்.

ஜாங்கோவில் பைமைஎஸ்கியூஎல்லை மைஎஸ்கியூஎல்டிபி வேஷம் போட்டு நுழைப்பவர்கள் உண்டு. செய்ய வேண்டாம் என்பேன். ஜாங்கோ குறைந்தபட்சப் பதிப்பைச் சோதிக்கும். உங்கள் லைப்ரரி பழையது என்று சொல்லி நின்றுவிடும் சிக்கல் பலமுறை வந்திருக்கிறது.

பராமரிப்பு என்றால் என்ன என்பதற்கு 2024-இல் வந்த ஒரு திருத்தத்தைப் பாருங்கள். வெப்சைட் ஒன்று ஜேசனில் மின்னஞ்சலை வாங்கி அப்படியே குவெரிக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரத்துக்குப் பதில் ஒருவர் டிக்ஷனரியை அனுப்பினால், பைமைஎஸ்கியூஎல் அதன் மதிப்புகளை எஸ்கேப் செய்தது (குவெரியின் கட்டளையாகப் படிக்கப்படாதபடி மாற்றியது), கீகளை அப்படியே விட்டுவிட்டது. எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனுக்கு, அதாவது வெளியாள் தன் கட்டளையைக் குவெரிக்குள் நுழைப்பதற்கு, அந்த ஓட்டை போதும். 1.1.1 பதிப்பு, மதிப்பாக வரும் டிக்ஷனரியை ஏற்பதையே நிறுத்தியது. அதைவிடப் பழைய பதிப்பில் இருப்பவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள்.

கனெக்டர்/பைத்தானைத் தொடங்கியவர் கீர்ட் வாண்டர்கெலன். பிறகு அது ஆரக்கிளின் அதிகாரபூர்வ கனெக்டரானது. 8.0.11-இலிருந்து சி எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதையே தானாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான லினக்ஸ்களுக்கு வீலும் கிடைப்பதால் கம்பைலர் தொல்லையும் இல்லை. மற்ற இரண்டும் குவெரிக்குள் மதிப்புகளைக் கிளையன்ட் பக்கமே பொருத்தி அனுப்புகின்றன. சர்வர் பக்கத்து பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (குவெரியை முதலில் அனுப்பி, மதிப்புகளைப் பிறகு தனியாக அனுப்பும் முறை) வேண்டுமென்றால் இதுதான் வழி. ஆனால் ஜாங்கோவின் புதிய பதிப்புகளுக்கு இதன் ஆதரவு பிந்தி வரலாம் என்று ஜாங்கோ ஆவணமே எச்சரிக்கிறது.

சரி, என் தேர்வு இதுதான். ஜாங்கோ, சொந்த சர்வர், நிறைய டேட்டா என்றால் தயங்காமல் மைஎஸ்கியூஎல்கிளையன்ட். கம்பைலர் வைக்க முடியாத இடம், ஜிஈவென்ட், சின்ன ஸ்கிரிப்ட் என்றால் பைமைஎஸ்கியூஎல். பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் கட்டாயம் என்றால் மட்டும் கனெக்டர்/பைத்தான். உங்கள் சாஃப்ட்வேரை வாடிக்கையாளர் கம்ப்யூட்டரிலேயே நிறுவிக் கொடுப்பதாக இருந்தால் லைசென்ஸையும் பாருங்கள்: பைமைஎஸ்கியூஎல் கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி, மற்ற இரண்டும் விநியோகத்துக்கு நிபந்தனைகள் அதிகமுள்ள ஜிபிஎல்.