அஃபர்ம் இலவசப் பாடங்கள்: ஒரு தகப்பனின் மதிப்பீடு

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்போருக்காக, அமெரிக்காவில் சாப்பல் ஹில் நகரிலுள்ள நார்த் கரோலினா பல்கலைக்கழகம் தன் ஃபிராங்க் போர்ட்டர் கிரஹாம் குழந்தை வளர்ச்சி நிறுவனத்தின் வழியே இணையத்தில் வழங்கும் பாடங்களுக்கு அஃபர்ம் என்று பெயர். கட்டணம் கிடையாது, பெயரைப் பதிவு செய்துகொண்டால் போதும். தூண்டல் (பிள்ளை ஒன்றைச் செய்யச் சொல்லாலோ சைகையாலோ கைபிடித்தோ உதவுவது), வலுவூட்டல் (செய்ததும் பாராட்டோ பிடித்த பொருளோ தந்து அது மறுபடி நடக்கச் செய்வது), ஒரு செயலைப் படிகளாகப் பிரித்துக் கற்பித்தல் ஆகிய மூன்று பாடங்களைக் கடந்த நான்கு மாதங்களில் முடித்தேன். என் மகனுக்கு ஏழு வயது.

1990 முதல் 2017 வரை வெளிவந்த ஆய்வுகளைச் சலித்து, போதிய சான்றுள்ளவை என 28 முறைகளை அந்நிறுவனத்தைச் சேர்ந்த குழு 2020இல் பட்டியலிட்டது. இப்பாடங்கள் கற்பிப்பவை அம்முறைகளே. அவற்றுள் கணிசமானவை பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்விலிருந்து, அதாவது நடத்தைக்கு முன்னும் பின்னும் நடப்பதைக் கவனித்து மாற்றித் திறன்களைக் கற்பிக்கும், நம் தெரபி மையங்களில் ஏ.பி.ஏ. என்று சொல்லப்படும் முறையிலிருந்து வந்தவை. பாடத்துக்கு முன்னும் பின்னும் தேர்வு உண்டு, முடிவில் சான்றிதழும் உண்டு. எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தோன்றியவை பாடத்தோடு இறக்கிக்கொள்ளக் கிடைக்கும் தாள்கள்தாம்: செய்முறை வழிகாட்டி, சரிபார்ப்புப் பட்டியல், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு உதவி வேண்டியிருந்தது என்று நாள்தோறும் குறிக்கும் பதிவுத்தாள்.

சாப்பிட்ட கையைத் தானே கழுவக் கற்பிப்பதற்காக அச்செயலை எட்டுப் படிகளாக எழுதி, கைபிடித்துச் செய்வித்துச் சிறிது சிறிதாகக் கையை விலக்கும் முறையைத் தேர்ந்துகொண்டேன். முதல் நாளே என் பட்டியல் தோற்றது. 'குழாயைத் திற' என்று மட்டும் எழுதியிருந்தேன். அவன் ரசம் சாதம் ஒட்டிய வலக்கையாலேயே திறந்தான். எந்தக் கை என்பது நமக்குச் சொல்லாமலே விளங்குவதால் அதை ஒரு படியாக எழுத வேண்டும் என்று தோன்றவேயில்லை. அடுத்து, சோப்புக் குப்பியை அழுத்தும் நான்காம் படியில் பதினொரு நாள் தொடர்ந்து 'கைபிடித்து' என்ற குறியே விழுந்திருந்தது. பையனுக்கு வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். தாளை வைத்துக்கொண்டு மறுநாள் என்னையே கவனித்தபோது, அவன் விரல் அசையுமுன் என் கை அவன் மணிக்கட்டுக்குப் போய்விடுவது தெரிந்தது. மனதுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் அவனே அழுத்தினான். பாதி சோப்பு தரையில் கிடந்தது. அது வேறு கணக்கு.

இத்தவறை உடனிருந்து ஒருவர் பார்த்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் தனியாகப் படிக்கும் எந்தப் பாடத்துக்கும் உள்ள எல்லை இது. அமெரிக்காவில் பதிவு பெற்ற நடத்தைத் தொழில்நுட்பராக, அதாவது ஏ.பி.ஏ. முறையில் பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்பவராக விரும்புவோர் 40 மணி நேரப் பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறிய பின்னும், மாதந்தோறும் பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதமாவது மேற்பார்வையில் இருக்க வேண்டும். அந்தச் சான்றை வழங்கும் வாரியமோ 2023 முதல் இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஆகவே நம் பக்கத்தில் இப்பாடங்களின் தேவை கூடியிருக்கிறது. ஆனால் இவற்றின் சான்றிதழை மட்டும் காட்டித் தம்மைத் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவரிடம் நான் பிள்ளையை விடமாட்டேன்.

பாடங்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்க வகுப்பறைகளைச் சார்ந்தவை என்பதால் அவற்றை நம் வீட்டுக்கு மாற்றும் வேலை நம்முடையதாகிறது. எந்தத் திறனைக் கற்பிப்பது, அது பிள்ளைக்கு வேண்டியதா அல்லது பார்ப்பவர் கண்ணுக்காகவா என்ற முடிவும் நம்முடையதே; ஏ.பி.ஏ. மீது ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் வைக்கும் குறையும் ஏறத்தாழ இதுதான்: பிள்ளைக்காக அன்றிப் பார்ப்பவர் கண்ணுக்காகக் கற்பிக்கிறார்கள் என்பது. மகிழ்ச்சியிலோ பதற்றத்திலோ அவன் கைகளை உதறுவதை நிறுத்துவது என் பட்டியலில் இல்லை.

முன்பு ஒரு மையத்தில் முன்னேற்றம் பற்றிக் கேட்டபோதெல்லாம் "நல்லா பண்றான் சார்" என்பதற்கு மேல் பதில் வந்ததில்லை. என்ன கேட்பது என்று எனக்கும் அப்போது தெரியாது. இப்போது சனிக்கிழமைகளில் வரும் சிறப்பாசிரியரிடம் அந்த வாரத் தாளை நீட்டுகிறேன். அவர் தாளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் என் கையைத்தான் பார்க்கிறார்.