நேர்கோட்டில் நிம்மதி, வளைவில் கோபம்: என் ரோவர் மென்பொருளோடு மூன்று வருடம்

மார்த்தாண்டத்தில் சொந்தமாக சர்வே தொழில் தொடங்கப்போகிற நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, நீங்க வச்சிருக்கிற ரோவர் செட் இப்ப விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா?" ஃபோனில் அரை மணி நேரம் பேசியும் பதில் முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். ரோவர் என்பது சேட்டிலைட் சிக்னலை வைத்து, நாம் நிற்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் சர்வே கருவி. அதன் கையடக்கத் திரைதான் கன்ட்ரோலர். சேட்டிலைட், பேட்டரி, துல்லியம் எல்லாம் கடைக்காரர் தரும் தாளிலேயே இருக்கும். நான் சொல்ல வந்தது கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருளைப் பற்றி. அதிலும் கோட்டையும் வளைவையும் தரையில் இறக்கும் ஸ்டேக் அவுட் வேலையைப் பற்றி மட்டும்.

முதலில் நேர்கோடு. குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். இரண்டு எல்லைக்கல்லுக்கு நடுவே 180 மீட்டர். ஒரு கல்லில் நின்றால் மற்றது தெரியாது. நடுவில் மேடு, கையாலை (எல்லைக்கு எழுப்பும் மண் சுவர்), மரங்கள். தொலைநோக்கி வழியே பார்த்துக் கோணம் அளக்கும் தியோடலைட் வைத்துச் செய்த நாட்களில் இப்படி ஒரு கோட்டை ஓட்ட வேண்டுமென்றால் கிளை வெட்டச் சம்மதம் கேட்டு நிற்க வேண்டும், இல்லையென்றால் புள்ளி புள்ளியாக அளந்து சுற்றிவளைத்து டிராவர்ஸ் போட வேண்டும். ஒரு நாள் போய்விடும். இதில் இரண்டு கல்லையும் எடுத்துக் கோடாக்கிவிட்டு நடக்க வேண்டியதுதான். எங்கே நின்றாலும் திரையில் இரண்டே எண்: கோட்டுக்குச் செங்குத்தாக எவ்வளவு விலகியிருக்கிறேன், முதல் கல்லிலிருந்து எத்தனை மீட்டர் வந்திருக்கிறேன். மரம் நிற்கும் இடத்தில் மல்லுக்கட்ட வேண்டாம், இரண்டு மரத்துக்கு நடுவே வாகான இடத்தில் பெக் (அடையாள முளை) அடிக்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு பெக் அடித்தோம். தோட்டத்துக்கார அம்மா வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, "இது எங்க அப்பா போட்ட கையாலை மேலயே போகுதே" என்றார். எனக்கு அன்றைக்குக் கூலியே வேண்டாம் போலிருந்தது.

அது தை மாதம். ரப்பர் இலை உதிர்ந்து வானம் திறந்திருந்தது. ஆனி மழையில் அதே தோட்டத்துக்குப் போனால் இலை மறைப்பில் துல்லியமான இடம் (ஃபிக்ஸ்) கிடைக்காமல், தோராயமான இடத்திலேயே (ஃப்ளோட்) நிற்கும். அதற்கு மென்பொருளைக் குறை சொல்லக் கூடாது.

திரை காட்டும் தூரம் டேப்போடு ஒத்துப்போகவில்லை என்பவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். யுடிஎம் என்பது உலகை மண்டலங்களாகப் பிரித்து, உருண்டையான பூமியைத் தட்டையான கட்டங்களாக்கும் வரைபட முறை. நம் கன்னியாகுமரி மாவட்டம் அதில் 43-ஆம் மண்டலத்தில் வருகிறது. அந்த மண்டலத்தின் நடுக்கோடு 75 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. நாகர்கோவில் இருப்பதோ 77.4 டிகிரியில். நடுக்கோட்டை விட்டு இவ்வளவு கிழக்கே தள்ளிவந்தால் வரைபடக் கட்டத்தில் கணக்கிடும் தூரம் தரையில் அளக்கும் தூரத்தைவிட நீண்டுவிடும். நாகர்கோவிலில் ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 48 செ.மீ. கூடும். குலசேகரம் அதற்குச் சற்று மேற்கே இருப்பதால் அங்கே கொஞ்சம் குறைவு, நான் சொன்ன 180 மீட்டர் கோட்டில் 7 செ.மீ. வேலை தொடங்கும் முன்பே தரைத் தூரத்துக்கு மாற்றிவிட்டால் டேப்பும் திரையும் ஒன்றாகச் சொல்லும். அந்த வசதி இதில் சுத்தமாக வேலை செய்கிறது.

அப்புறம் வளைவு.

தக்கலை பக்கம் ஒரு மூலை மனை. சாலையோர எல்லை 30 மீட்டர் ஆரத்தில் 60 டிகிரி திரும்புகிறது. வளைவின் நீளம் 31.42 மீட்டர். காம்பவுண்ட் சுவரின் நடுக்கோடு எல்லையிலிருந்து 30 செ.மீ. உள்ளே வர வேண்டும். கோட்டிலிருந்து தள்ளிப்போக வேண்டிய தூரத்தை, அதாவது ஆஃப்செட்டை, 'வலது 0.300' என்று போட்டுக் காலையில் நேர்ப்பகுதியை முடித்தேன். டீ குடித்துவிட்டு, வண்டி நின்ற பக்கத்திலிருந்து தொடங்கலாமே என்று திரையில் வளைவின் மறுமுனையைத் தொட்டேன். தொட்ட முனையைத்தான் இந்த மென்பொருள் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். திசை திரும்பியதும் வலதும் திரும்பிவிட்டது. உள்ளே வர வேண்டிய எட்டு பெக்கும் 30 செ.மீ. வெளியே போயின. ஒவ்வொரு பெக்குக்கும் திரை பச்சையானது, பீப் அடித்தது.

மறுநாள் வளைவுப் பகுதியில் ஜேசிபி அஸ்திவாரக் குழி தோண்டிய பிறகு கொத்தனார் நூல் பிடித்திருக்கிறார். நேர்ப்பகுதியோடு சேரும் இடத்தில் 60 செ.மீ. படி. "சாரே, சுவரு ரோட்டுல ஏறுது" என்று ஃபோன் வந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவே மொத்தம் 19 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய அரை சென்ட். சென்ட் கணக்கில் விலை பேசும் ஊரில் இது விளையாட்டில்லை. மண்ணை மூடித் திரும்பத் தோண்டிய செலவை நானே கொடுத்தேன். கவனிக்காதது என் தவறு, அதில் மாற்றுப் பேச்சு இல்லை.

ஆனால் திசையைக் காட்டும் அம்பு கடுகளவுதான் இருக்கிறது. சாம்பல் பின்னணியில் சாம்பல் அம்பு. மதியம் இரண்டு மணி வெயிலில், வியர்வை சொட்டிய திரையில் அதை யார் பார்ப்பது? விலகல் எண் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கிறது. வலது என்றால் யாருடைய வலது? வளைவுக்கு மையம் என்று ஒன்று இருக்கிறதே! மையத்தின் பக்கம் உள், மறுபக்கம் வெளி. 'உள்ளேயா, வெளியேயா' என்று கேட்டால் எந்த முனையைத் தொட்டாலும் பதில் மாறாது. இதை மென்பொருள் கம்பெனிக்கு இரண்டு முறை எழுதிப் போட்டேன். அதன் பிறகு இரண்டு அப்டேட் வந்தது. ஐகான்களின் நிறம் மாறியது, அம்பு அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் வளைவு என்றால் எனக்கு வயிறு கலங்கும்.

இப்போது நான் செய்வது இது. வளைவின் மையத்தைத் தனிப் புள்ளியாகச் சேமித்துவிடுவேன். பெக் அடித்ததும் அதன் மேல் ஒரு ரீடிங் எடுத்து மையத்துக்குத் தூரம் பார்ப்பேன். இந்த வேலையில் 29.70 வந்திருக்க வேண்டும், 30.30 என்றால் உடனே பிடுங்க வேண்டியதுதான். வளைவில் இரண்டு பெக்குக்கு நடுவே நேராக நூல் பிடித்து, நடுவில் வளைவு எவ்வளவு விலகுகிறது என்று (நடுக்குழிவு) அளக்கும் பழைய வழி இங்கே உதவாது. 5 மீட்டர் நூலுக்கு, சரியான வளைவிலும் தவறான வளைவிலும் 10 செ.மீ.தான் வரும், வித்தியாசம் 2 மி.மீ. அதைவிட, வளைவு தொடங்கும் பெக்கை இரண்டு முறை அடியுங்கள்: ஒன்று நேர்கோட்டின் முடிவாக, இன்னொன்று வளைவின் தொடக்கமாக. இரண்டும் ஒரே குழியில் விழ வேண்டும்.

சரி, வாங்கலாமா? தினமும் இதைத்தான் எடுத்துப்போகிறேன், தோட்ட வேலைக்கு இதை விட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. ஆனாலும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர், முதல் ஆறு மாதம் மனைப்பிரிவு வேலைதான் அதிகம் வரும், மனைப்பிரிவு என்றால் மூலைக்கு மூலை வளைவு. விலை இன்னும் இறங்கினாலும் இதையே சொல்வேன். சனிக்கிழமை தக்கலைக்கு வாருங்கள். கன்ட்ரோலரைக் கையில் தருகிறேன். அதே வளைவை இரண்டு முனையிலும் தொட்டுப் பாருங்கள், அம்பு உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று.